எண்முறையா, ஆசிரியர்–ஆண்டு முறையா: கால்நடை மருத்துவ ஆய்விதழுக்குச் சான்றுப் பட்டியல் அமைப்பது எப்படி?

முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு அதிலிருந்து ஒரு கட்டுரையைப் பிரித்தெடுத்து இதழுக்கு அனுப்ப முனையும் கால்நடை மருத்துவ மாணவர், முடிவுகளை எழுதுவதில் ஒரு வாரமும் சான்றுப் பட்டியலை ஒழுங்குசெய்வதில் இரண்டு வாரமும் செலவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வாரத்தைச் சுருக்க அவர் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும். எந்த முறையில் மேற்கோள் சுட்டுவது என்பது முதலாவது. அந்தச் சான்றுகளை எந்தக் கருவியில் சேர்த்து வைப்பது என்பது இரண்டாவது. மாணவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே உழன்றுவிடுகிறார்கள். அதற்கு விடை சொல்வது இதழ். நம் கையில் இருப்பது இரண்டாவது முடிவும், வரைவு எழுதும் காலத்தில் எந்த முறையைப் பின்பற்றுவது என்ற தேர்வும்தான்.

மேற்கோள் முறைகளில் இரண்டு பெருங்குடும்பங்கள் உண்டு. எழுதியவர் பெயரையும் வெளியான ஆண்டையும் வாக்கியத்துக்குள் அடைப்புக்குறியில் தருவது ஹார்வர்டு முறை, அதாவது ஆசிரியர்–ஆண்டு முறை. இதன் தொடக்கமாகப் பொதுவாகச் சுட்டப்படுவது ஒரு விலங்கியல் கட்டுரை என்பதில் நம் துறையினருக்குச் சிறு மகிழ்ச்சி இருக்கலாம்: ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தை ஒன்றின் கருவளர்ச்சி பற்றி 1881இல் வெளியிட்ட கட்டுரை அது. மற்றொன்று வான்கூவர் முறை, அதாவது எண்முறை. மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, கட்டுரைகளுக்கான பொது விதிகளை வகுக்கத் தொடங்கியதிலிருந்து அதற்கு இப்பெயர் வந்தது. இதில் வாக்கியத்துக்குள் எண் மட்டும் இருக்கும். கட்டுரையில் எது முதலில் சுட்டப்படுகிறதோ அது 1 ஆகும். பட்டியல் அகர வரிசையை விட்டு அந்த எண் வரிசையில் செல்லும்.

கால்நடை மருத்துவம் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நிற்பதே நமக்குள்ள சிக்கல். உற்பத்தி, இனப்பெருக்கம், தீவனம், கொள்ளைநோயியல் பக்கம் சாய்ந்த இதழ்களில் ஆசிரியர்–ஆண்டு முறையை அதிகம் காணலாம். இந்தியன் ஜர்னல் ஆஃப் அனிமல் சயின்சஸ், ஜர்னல் ஆஃப் டெய்ரி சயின்ஸ், ப்ரிவென்டிவ் வெட்டரினரி மெடிசின், டிராபிகல் அனிமல் ஹெல்த் அண்ட் ப்ரொடக்‌ஷன் ஆகியவை அந்த வழியில் செல்பவை. மனித மருத்துவத்தின் பழக்கத்தைப் பின்பற்றும் இதழ்களும், இணையத்திலேயே பிறந்த, எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களும் எண்முறையை விரும்புகின்றன. வெட்டரினரி வேர்ல்டு, பி.எம்.சி. வெட்டரினரி ரிசர்ச், ஃபிரான்டியர்ஸ் இன் வெட்டரினரி சயின்ஸ் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழ் எண்ணை மேலெழுத்தாக இடுகிறது. ஆகவே ஆட்டுக்கொல்லி நோய் பற்றிய ஒரே கட்டுரை, ஓர் இதழில் மறுக்கப்பட்டு அடுத்த இதழுக்குச் செல்லும்போது, குடும்பமே மாறிவிட வாய்ப்புண்டு. மனித மருத்துவ ஆய்வாளருக்கு இந்த அலைச்சல் நம்மளவு இருப்பதில்லை.

வரைவுக் காலத்தில் எந்த முறை நல்லது என்பதை அதே ஆட்டுக்கொல்லி நோயை வைத்தே பார்க்கலாம். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1987இல் விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த அரசூர் கிராமத்துச் செம்மறியாடுகளில் கண்டறியப்பட்டது. அதை ஷைலாவும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெட்டரினரி ரெக்கார்டு இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவில் இந்நோயைப் பற்றி எழுதும் எவரும் அந்தக் கட்டுரையைச் சுட்டாமல் முன்னுரையைத் தாண்டுவது அரிது. ஆசிரியர்–ஆண்டு முறையில் ‘ஷைலா மற்றும் பிறர், 1989’ என்று பார்த்தவுடன், துறை தெரிந்தவருக்கு எந்தக் கட்டுரை என்பது புரிந்துவிடும். நோய் கண்ட ஆண்டையும் கட்டுரை வெளிவந்த ஆண்டையும் மாணவர் குழப்பிக்கொண்டு ‘1989இல் முதல் நோய்ப்பரவல்’ என்று எழுதிவிட்டால், வழிகாட்டும் பேராசிரியரின் கண்ணுக்கு அது வரைவிலேயே தட்டுப்படும். எண்முறையில் அந்த இடத்தில் ‘7’ மட்டும் இருக்கும். ஏழாவது சான்று எது என்று கடைசிப் பக்கத்துக்குச் சென்று பார்க்கும் பொறுமை வரைவைத் திருத்துகிறவருக்கு எப்போதும் இருப்பதில்லை. தவறான சான்று தவறான வாக்கியத்துக்கு அருகில் உட்கார்ந்திருந்தாலும் எண்ணைப் பார்த்து யாரும் ஐயுறுவதில்லை.

பழைமையும் ஆண்டால் தெரிகிறது. தடுப்பூசியின் திறன் பற்றிய பத்தி ஒன்றில் சுட்டப்பட்ட ஆறு கட்டுரைகளும் 2005க்கு முந்தியவை என்றால், ஆசிரியர்–ஆண்டு முறையில் அது எழுதுகிறவரையே உறுத்தும். எண்முறையோ அந்த உறுத்தலை மறைத்துவிடுகிறது. பின்பு கட்டுரையை இதழுக்காகப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர் அதைக் கண்டுபிடித்துக் கேட்கும்போதுதான் தெரியவரும்.

எண்முறையில் கையால் தட்டச்சு செய்வதன் ஆபத்தை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். என் தொடக்ககாலக் கட்டுரை ஒன்றில் 38 சான்றுகள் இருந்தன. எல்லாவற்றையும் கையாலேயே எண்ணிட்டிருந்தேன். முன்னுரையில் இரண்டு சான்றுகளைச் சேர்க்கும்படி மதிப்பீட்டாளர் கேட்டார். நான்காவது எண்ணுக்குப் பிறகு வரும் ஒவ்வொன்றையும் இரண்டு கூட்டித் திருத்த வேண்டியதாயிற்று. ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். அச்சில் வந்த பின்பு பார்த்தால், குருதி மாதிரி எடுத்த முறைக்குச் சான்றாகப் புள்ளியியல் நூல் ஒன்றின் எண் நின்றது. இன்றுவரை அந்தக் கட்டுரையை யாருக்கும் அனுப்பும்போது அந்தப் பக்கத்தை அவர் புரட்டாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொள்கிறேன்.

எண்முறைக்குப் பெருமை இல்லாமலில்லை. நூற்றைம்பது சான்றுகளைக் கொண்ட ஆய்வுத் தொகுப்புரையில் ஒரே கருத்துக்கு எட்டுக் கட்டுரைகளைச் சுட்ட வேண்டியிருந்தால், பெயர்களும் ஆண்டுகளும் சேர்ந்து வாக்கியத்தை இரண்டரை வரிக்கு இழுத்துவிடும். எண்களாக இட்டால் அரை அங்குலத்தில் முடிந்துவிடும். சொல் வரம்பு உள்ள குறுங்கட்டுரைகளிலும் எண்ணே சிக்கனம். ஆனால் இந்த நன்மைகள் அச்சில் படிப்பவருக்கு உரியவை. வரைவு எழுதுகிறவருக்கும் திருத்துகிறவருக்கும் ஆசிரியர்–ஆண்டு முறையே தோள்கொடுக்கிறது. எனவே எந்த இதழைக் குறிவைத்தாலும் வரைவை ஆசிரியர்–ஆண்டு முறையில் எழுதி, அனுப்பும் நாளில் இதழின் முறைக்கு மாற்றுவதே என் பரிந்துரை. மென்பொருள் கையில் இருந்தால் இந்த மாற்றம் சில நொடி வேலை.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஷைலா மற்றும் பிறர் (1989) முதன்முதலில் அறிவித்தனர்’ என்பது போல, பெயரே எழுவாயாக நிற்கும் வாக்கியத்தில், பெயரையும் மென்பொருளே அச்சிடும்படி விட்டிருந்தால், எண்முறைக்கு மாற்றியதும் ‘[7] முதன்முதலில் அறிவித்தனர்’ என்று வாக்கியம் முடமாகி நிற்கும். அத்தகைய இடங்களில் பெயரை நாமே உரையில் தட்டச்சு செய்து, மேற்கோளில் ஆசிரியர் பெயரை விலக்கும் தெரிவைத் தேர்ந்துவிட வேண்டும். அப்போது ஒரு முறையில் பெயருக்குப் பின் ஆண்டும், மற்ற முறையில் பெயருக்குப் பின் எண்ணும் வந்து, இரண்டிலும் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும்.

இனிக் கருவிகள். கையால் தட்டச்சு செய்வது பதினைந்து சான்றுகளுக்குள் அடங்கும் நோயாளி விவரக் கட்டுரைக்குப் போதும். அதற்கு மேல் அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிப்டெக் 1985இலிருந்து இருந்துவரும் உறுதியான கருவி. ஆனால் லேடெக் என்னும் ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதுகிறவர்களுக்கே அது பயன்படும். நம் துறையில் வழிகாட்டியும் உடன் ஆசிரியர்களும் வேர்டு கோப்பில் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் மாறாதவரை அதைத் தேர்ந்தெடுப்பவர் தனியாகத்தான் போராட வேண்டியிருக்கும்.

எண்ட்நோட் கிளாரிவேட் நிறுவனத்தின் கட்டண மென்பொருள். பல ஆயிரம் சான்றுகளைச் சேர்த்து வைத்துப் பல ஆண்டுகளாக அதிலேயே பழகிய பேராசிரியர்களைப் பார்க்கிறேன். அவர்கள் மாற வேண்டிய தேவையில்லை. பல்கலைக்கழகம் உரிமம் வாங்கித் தந்திருக்கிறது என்பதற்காக மாணவர் அதில் தொடங்கினால், பட்டம் பெற்று வெளியேறிய பின்பு உரிமமும் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

மெண்ட்லி இலவசம், 2 ஜி.பி. இடமும் தருகிறது, முகப்பும் புதியவருக்கு இணக்கமானது. 2013இல் எல்செவியர் அதை வாங்கியது. ஆண்டுக்கணக்கில் மாணவர்கள் பழகியிருந்த கணினிப் பதிப்பைப் புதிதாகப் பதிவிறக்கும் வசதி 2022 செப்டம்பரில் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் வேறொரு மென்பொருள் வந்தது. பழைய பதிப்பில் இருந்த வசதிகள் சில புதியதில் இல்லை. தனியார் நிறுவனம் தன் பொருளை மாற்றிக்கொள்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்தாண்டு உழைப்பில் சேரும் நூலகத்தை எங்கே வைப்பது என்று கேட்கும் இளம் ஆய்வாளருக்கு அது ஒரு செய்தி சொல்கிறது.

ஸொட்டெரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட திறந்த மூல மென்பொருள். வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. இலவச இடம் 300 எம்.பி.தான் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த வரம்பு இணைத்து வைக்கும் பி.டி.எஃப். கோப்புகளுக்கு மட்டுமே உரியது; சான்று விவரங்களை ஒத்திசைக்க வரம்பில்லை. கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அந்தக் கவலையும் தீரும். மேற்கோளை எந்த வடிவில் அச்சிடுவது என்று மென்பொருளுக்குச் சொல்லும், இதழ்களின் பாணிக் கோப்புகளைப் பொறுத்தவரை மெண்ட்லிக்கும் ஸொட்டெரோவுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே பொதுக் களஞ்சியத்தில் உள்ள 10,000க்கு மேற்பட்ட பாணிகளைத்தான் பயன்படுத்துகின்றன. உள்நாட்டு இதழ்கள் எல்லாவற்றுக்கும் அங்கே கோப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இல்லாதபோது நெருங்கிய பாணி ஒன்றைத் தேர்ந்து, மிஞ்சும் காற்புள்ளி, தடித்த எழுத்து வேறுபாடுகளை இறுதியில் கையால் சரிசெய்யலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் வாக்கு ஸொட்டெரோவுக்கே.

உரையாடல் செயலிகளிடம் ‘ஆட்டுக்கொல்லி நோய்க்குப் பத்துச் சான்றுகள் கொடு’ என்று கேட்பதை இப்போது ஆறாவது வழியாகச் சிலர் கருதுகிறார்கள். அவை தரும் பட்டியலில் உண்மையான இதழின் பெயரும், உண்மையான ஆய்வாளரின் பெயரும், இல்லாத கட்டுரையின் தலைப்பும் ஒட்டிப் பிறந்து வருவதுண்டு. கையிலுள்ள பட்டியலின் வடிவத்தை மாற்றித் தரும்படி கேட்டாலும் பக்க எண்ணோ தொகுதி எண்ணோ இடையில் மாறிவிடலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கொண்டு மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு வரியையும் ஏற்கக் கூடாது. அப்படி ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பவருக்கு ஸொட்டெரோவில் நேரடியாகச் சேர்ப்பதே குறைந்த வேலை.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் உள்ளே போன விவரம் பிழையென்றால் வெளியே வருவதும் பிழைதான். நேரத்தை மிச்சம் பிடித்தவர் அதை இங்கேதான் செலவிட வேண்டும். முதல் தொல்லை நம் பெயர்கள். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு வழக்கமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. கந்தசாமியின் மகன் முத்துவேல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் அவர் தலைப்பெழுத்தை முன்னிட்டும், இன்னொன்றில் பின்னிட்டும், வெளிநாட்டு இதழில் ‘முத்துவேல் கந்தசாமி’ என்று விரித்தும் வெளியிட்டிருப்பார். தரவுத்தளம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால் ஓரிடத்தில் ‘முத்துவேல், 2016’ என்றும், ஓரிடத்தில் வெறும் ‘க, 2018’ என்றும், மூன்றாவது இடத்தில் ‘கந்தசாமி, 2021’ என்றும் வரும். மகன் செய்த ஆய்வுக்குத் தந்தையின் பெயரில் மேற்கோள் சேர்வதில் தந்தைக்கு வேண்டுமானால் வருத்தமில்லாதிருக்கலாம். அகர வரிசைப் பட்டியலில் இது மூன்று வெவ்வேறு இடங்களுக்குச் சிதறிப்போவதால், ஒவ்வொரு சான்றையும் சேர்க்கும்போதே கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டு, அந்தக் கட்டுரையில் உள்ளபடியே எது பெயர், எது தலைப்பெழுத்து என்று திருத்திவிட வேண்டும்.

இரண்டாவது, தலைப்பில் வரும் எழுத்துகள். நுண்ணுயிரிகளின் அறிவியல் பெயர் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கும் விவரத்தில் அது பெரும்பாலும் தொலைந்துவிடும். தலைப்பிலேயே உரிய சாய்வெழுத்துக் குறியை இட்டுவைத்தால் ஸொட்டெரோ பட்டியலில் அதைக் காப்பாற்றித் தரும். ஆங்கிலத் தலைப்பை முதற்சொல்லுக்கும் இடப்பெயர் போன்ற சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் பெரிய எழுத்து இட்டுச் சேமிப்பது நல்லது. அதிலிருந்து எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்தாக மாற்ற மென்பொருளுக்குத் தெரியும், தலைகீழாக மாற்றினால் நாட்டின் பெயரும் சிறிய எழுத்தில் தொடங்கிவிடும். மேலே சொன்ன 1989ஆம் ஆண்டுக் கட்டுரை 125ஆம் தொகுதியில் 602ஆம் பக்கத்தில் மட்டும் அடங்குவது. அதை 602–602 என்று அச்சிட்ட பட்டியலையும் கண்டிருக்கிறேன். இணைய இதழ்கள் பலவற்றில் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான் உண்டு. இதழ்ப் பெயரைச் சுருக்குவதா, முழுதாக எழுதுவதா, சுருக்கினால் புள்ளி இடுவதா என்பதில் இதழ்களுக்குள் ஒற்றுமை இல்லை. முழுப் பெயரையும் சுருக்கப் பெயரையும் அவற்றுக்குரிய தனித்தனிப் புலங்களில் இட்டுவைப்பதே தீர்வு. ஆறு பேருக்கு மேல் எழுதிய கட்டுரையில் வான்கூவர் முறை முதல் ஆறு பெயர்களைத் தந்து நிறுத்தும், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முறை மூன்றோடு நிறுத்தும். இதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பதால் நாம் எல்லாப் பெயர்களையும் உள்ளே வைத்திருந்தால் போதும்.

இதழ்க் கட்டுரை வடிவத்தில் அடங்காத சான்றுகள் நம் துறையில் மிகுதி. நோய் கண்டறியும் முறைக்கு உலக விலங்கு நல அமைப்பின் கையேட்டைச் சுட்டாமல் இருக்க முடியாது. 2022 மே வரை ஓ.ஐ.இ. என்ற சுருக்கப் பெயரில் அறியப்பட்ட அமைப்பு அது. எந்தப் பதிப்பைப் பார்த்தோமோ, அந்தப் பதிப்பில் உள்ள பெயரையே எழுத வேண்டும். பழைய பதிப்புக்குப் புதுப் பெயரைச் சூட்டக் கூடாது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பைப் போன்ற அரசு வெளியீடுகளில் ஆசிரியர் இடத்தில் துறையின் பெயரை ஒற்றைப் பெயராக இட வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் அதையும் பெயர், தலைப்பெழுத்து என்று கூறுபோடும். வெளியிடப்படாத முதுநிலை ஆய்வேடுகளைச் சுட்டுவதை ஆய்வேடு ஏற்கும். ஆனால் இதழ்கள் பலவும் விரும்புவதில்லை. அதே ஆய்வு கட்டுரையாக வந்திருக்கிறதா என்று தேடி அதைச் சுட்டுவது மேல்.

எல்லா இதழுக்கும் முதல் முறையிலேயே நுணுக்கமாக வடிவமைக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்செவியரின் பல இதழ்கள் முதல் சமர்ப்பிப்பின்போது எந்த முறையாக இருந்தாலும் ஒரே சீராக இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. ஆசிரியர்களுக்கான அறிவுறுத்தலை முதலில் படித்தவர் இந்த ஒரு வரியாலேயே இரண்டு நாளை மிச்சப்படுத்துவார். முன்பு வெளிவந்த கட்டுரை ஒன்றைப் பார்த்துப் பாணியைப் பின்பற்றுவது நம்பத்தக்கதன்று; இதழ்கள் இடையில் முறையை மாற்றிக்கொள்வதுண்டு.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகள் இருக்கின்றன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸொட்டெரோ 2019 முதல் அத்தகையவற்றைத் தானே சிவப்பில் எச்சரிக்கிறது. உடன் ஆசிரியர் வேறு மென்பொருளில் கோப்பைத் திறந்து சேமித்ததால் மேற்கோள்கள் உயிரற்ற எழுத்தாக மாறிவிட்டனவா என்று ஒன்றிரண்டைச் சொடுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, நகலில் மட்டும் மேற்கோள்களுக்கும் மென்பொருளுக்கும் உள்ள இணைப்புகளைத் துண்டித்து அதை இதழுக்கு அனுப்ப வேண்டும். இணைப்புள்ள மூலக் கோப்பு நம்மிடமே இருக்க வேண்டும், ஏனெனில் மதிப்பீட்டாளர் இரண்டு சான்றுகளைச் சேர்க்கச் சொல்லும் நாள் வராமல் போகாது.

கட்டுரை ஏற்கப்பட்டு அச்சுப்படி வரும்போது, பதிப்பகத்தார் சில சான்றுகளுக்கு அருகில் ஆண்டு பொருந்தவில்லை, தொகுதி எண் இல்லை என்று கேள்வி எழுப்பியிருப்பார்கள். அவற்றை அச்சுப்படியில் திருத்துவதோடு நின்றுவிடாமல் அன்றைக்கே ஸொட்டெரோவிலும் திருத்திவிட வேண்டும். அதை விட்டால் அடுத்த கட்டுரையில் அதே பிழை அதே இடத்தில் வந்து நிற்கும்.